பத்து மாதம் சென்னையில், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவருக்குத் தரமணியில் பத்து மாத வேலை என்று முடிவானபோது மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு இரண்டரை. லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருந்து ஆகஸ்டில் சென்னை போய், அடுத்த ஜூனில் திரும்பினோம். அதற்கப்புறம் இதே மாதிரி ஆறு மாதம், ஒரு வருடம் என்று கிளம்புகிற தோழிகள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டில்தான் என்றாலும், பிள்ளைகளோடு போய்க் குடித்தனம் வைப்பது வேறு விஷயம் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நாளைக்குத்தானே, ஒருவர் மட்டும் போய் வந்தால் என்ன?

இரண்டு மூன்று மாதம் என்றால் அப்படியே செய்யுங்கள். வீடு பிடித்து, பள்ளி பிடித்து, பிள்ளை அந்த இடத்துக்குப் பழகவே முதல் இரண்டு மாதம் ஓடிவிடும், பழகிய கையோடு மூட்டை கட்டுவது அவர்களுக்குத்தான் கஷ்டம். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் எல்லாரும் சேர்ந்து போவதே நல்லது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது அவன் வயதில் ஐந்தில் ஒரு பங்கு.

எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

இதில்தான் நாங்கள் பெரிய தப்பு செய்தோம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இங்கிருந்தபடி படங்களைப் பார்த்து நாவலூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு எடுத்தோம். நீச்சல் குளம், விளையாட்டுத் திடல், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், வாசலில் காவல், எல்லாம் இருந்தது. மூத்தவளுக்கு இடம் கிடைத்த பள்ளியோ அடையாறு பக்கம். வரைபடத்தில் பதினெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) முழுக்க மெட்ரோ ரயில் வேலைக்காகத் தோண்டி வைத்திருந்த நேரம், பள்ளி வேன் காலை ஆறே முக்காலுக்கு வந்து நிற்கும். மாலையில் அவளை வேனிலிருந்து தூக்கித்தான் இறக்குவேன், ஷூவும் பையுமாகத் தூங்கிப் போயிருப்பாள். டப்பாவில் சாப்பாடு பாதி அப்படியே இருக்கும். எழுப்பி முகம் கழுவி ஏதாவது ஊட்டுவதற்குள் இருட்டிவிடும். நீச்சல் குளத்தில் அவள் இறங்கியது இரண்டு மாதத்தில் நான்கு முறை.

அக்டோபர் நடுவில், மழைக்கு முன்பாக, திருவான்மியூரில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடிக்கு மாறினோம். இரண்டே படுக்கையறை, லிஃப்ட் கிடையாது, சமையலறை ஒரு ஆள் நிற்கிற அளவு. ஆனால் புது வீட்டிலிருந்து பள்ளிக்கு ஆட்டோவில் பதினைந்து நிமிடம். சின்னவனின் பிளே ஸ்கூல் அடுத்த தெரு. குழந்தை மருத்துவர், மருந்துக் கடை, காய்கறிக் கடை, பூங்கா, கடற்கரை எல்லாம் நடை தூரம். பிள்ளைகள் இரண்டே வாரத்தில் வேறு பிள்ளைகள் ஆனார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

அதனால் என் பதில்: முதலில் பள்ளி, அப்புறம் வீடு. பிள்ளையின் ஒரு நாள் எத்தனை கிலோமீட்டருக்குள் நடந்து முடிகிறது என்று பாருங்கள். அது இரண்டு மூன்றுக்குள் இருந்தால் வீட்டில் என்ன வசதி குறைந்தாலும் சமாளிக்கலாம். அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர், மயிலாப்பூர், அண்ணா நகர், நங்கநல்லூர் மாதிரி பழைய குடியிருப்புப் பகுதிகளில் இது எளிது. கணவர் அலுவலகம் பக்கமாக வீடு பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களிடம் நான் சொல்வது, பெரியவர்கள் டிராஃபிக்கில் நிற்கலாம், குழந்தைகள் நிற்கக் கூடாது.

வந்து இறங்கி முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு சர்வீஸ் அபார்ட்மென்டோ சொந்தக்காரர் வீடோ பார்த்துக்கொண்டு, நேரில் பார்த்த பிறகே வாடகை ஒப்பந்தம் போடுங்கள். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்ப வேண்டாம்.

வாடகை ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் வெகுகாலமாக உண்டு. தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதைச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம், நிறையப் பேர் இறங்கி வருகிறார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும் என்பதும் அதே சட்டம்.

குறுகிய காலத்துக்குப் போகிறவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, முன்கூட்டியே காலி செய்தால் என்ன பிடித்தம் என்ற வரி. நாவலூர் வீட்டை இரண்டு மாதத்தில் விட்டபோது, தரகர் வாயால் சொன்னது ஒன்றாகவும் தாளில் இருந்தது வேறாகவும் இருந்ததால் எங்களுக்கு இரண்டு மாத வாடகை போனது. பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம், அதையும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஈ.பி. மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள், வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இல்லாமல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்தால் கோடையில் ஏ.சி. ஓடும்போது கை கடிக்கும்.

விசா, ஓ.சி.ஐ.?

பெற்றோர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் முதல் வேலையாக அவர்களுக்கு ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) எடுத்துவிடுங்கள். பல வாரம் ஆகும், டிக்கெட் போட்ட பிறகு தொடங்குகிற வேலை இல்லை. ஓ.சி.ஐ. இருந்தால் எத்தனை நாள் தங்கினாலும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டாம். சுற்றுலா விசாவில் பிள்ளையைக் கூட்டி வந்து பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த விசா அதற்கானது இல்லை. பிள்ளைக்குப் புதுப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதன் நகலையும் புதுப் படத்தையும் ஓ.சி.ஐ. இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இருபது வயது வரை ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் இது உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள்.

வங்கி, போன், ஆதார், வரி?

காய்கறி வண்டி வரைக்கும் யு.பி.ஐ.தான். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. அல்லது என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு இருந்தால், இங்கிலாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம் போன்ற சில நாடுகளின் போன் எண்ணோடும் இணைக்க 2023 முதல் அனுமதி உண்டு, உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் உள்ளூர் சிம் ஒன்று வேண்டும், ஓ.டி.பி. இல்லாமல் எதுவும் நகராது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் வந்ததுமே ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். ஓ.சி.ஐ. பிள்ளைகளுக்கு, முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருந்தால்தான். எங்கள் பிள்ளைகளுக்கு ஆதார் இல்லாமலே பத்து மாதமும் ஓடியது, பள்ளியில் பாஸ்போர்ட் நகலை வாங்கிக்கொண்டார்கள்.

வரி விஷயத்தில் நாள் கணக்கு முக்கியம். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான ஒரே ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் அங்கே வசிப்பவர் என்ற கணக்கில் வந்துவிடுவீர்கள், சிலருக்கு அதைவிடக் குறைந்த நாளிலேயே. எங்களுக்கு 182 தாண்டியது, கணவரின் அலுவலகம் ஆடிட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டது. நீங்களாகப் போகிறீர்கள் என்றால் பயணத் தேதி முடிவு செய்யும் முன்பே ஒரு ஆடிட்டரிடம் பேசுங்கள், பின்னால் பேசி பயனில்லை.

நடு வருடத்தில் பள்ளியில் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள், தேட வேண்டும். பெயர் பெற்ற பெரிய பள்ளிகளில் எல்.கே.ஜி. சேர்க்கையோடு கதவு அடைத்துவிடும், ஒன்றாம் வகுப்பில் யாராவது ஊர் மாறிப் போனால்தான் இடம். நாங்கள் எழுதிய பதினொரு பள்ளிகளில் நான்குதான் பதில் அனுப்பின. ஒரு பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து ஒரு மணி நேரம் எழுத்துத் தேர்வு வைத்தார்கள், அவள் வெளியே வந்து அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அதோடு அந்தப் பள்ளியை விட்டோம்.

குறுகிய காலத்துக்கு வருகிறவர்களுக்கு என் சிபாரிசு சின்னப் பள்ளிகள், குறிப்பாக மான்டிசோரி முறைப் பள்ளிகள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில், அவரவர் வேகத்தில் படிப்பதால் நடுவில் வந்து சேர்கிற பிள்ளை தனித்துத் தெரியாது. மரியா மான்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து தியாசபிகல் சொசைட்டியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், அந்த முறையில் நடக்கிற பள்ளிகள் இன்றைக்கும் நகரத்தில் நிறைய உண்டு.

பள்ளியில் கேட்க வேண்டியவை: ஒரு வகுப்பில் எத்தனை பேர், எத்தனை ஆசிரியர், கழிப்பறையைக் காட்டுங்கள் (இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள், எங்கள் பெண் முதல் பள்ளியில் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வருவாள்), வீட்டுப்பாடம் எவ்வளவு, முழு வருடக் கட்டணம் கட்ட வேண்டுமா தவணை முறையில் கட்டலாமா. ஆமாம், முதல் பள்ளி என்றேன். வீடு மாறியபோதே பள்ளியையும் மாற்றினோம். இரண்டு மாதத்தில் இரண்டாவது மாற்றம் என்று பயந்தோம், ஆனால் அவளே மூன்றாவது நாள் கையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

இங்கே உள்ள பள்ளியிலும் முன்பே பேசி வையுங்கள். இங்கிலாந்தில் பெயரை நீக்கிவிட்டால் அதே பள்ளியில் மறுபடி இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

வீட்டில் தமிழ் பேசினாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற பிள்ளை. சமாளிப்பாளா?

எங்களுக்கும் அதே கதைதான். பள்ளியில் எல்லாரும் ஆங்கிலம் பேசுவதால் வகுப்பில் பிரச்சினை வராது. தமிழ்நாட்டில் 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்ப் பாடம் ஒன்றாம் வகுப்பிலிருந்து உண்டு, கொஞ்ச நாளைக்கு வந்த பிள்ளை என்று சொன்னால் ஆசிரியர்கள் அனுசரித்துப் போகிறார்கள். ஆனால் பேச்சு வந்தது பாடத்தில் இருந்து இல்லை, தெருவில் இருந்து. கீழ் வீட்டுப் பிள்ளைகளோடு நொண்டி விளையாடும்போது "நீ அவுட்டு, நான் பாத்தேன்" என்று அவள் சண்டை போட்டதை மாடியில் இருந்து கேட்டேன். துணியைக் காயப்போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். டிசம்பர் மாதம். அதற்கு முன் ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசியதில்லை.

சின்னவனுக்குத் தண்ணீர் கேன் போடும் தம்பியிடம்தான் தமிழ் வந்தது. வாரம் மூன்று முறை, நீல கேனைத் தோளில் வைத்து மாடி ஏறுவார், இவன் கதவைத் திறந்து வைத்து "கேன் அண்ணா, மெதுவா, மெதுவா" என்பான். அவரும் ஒவ்வொரு படிக்கும் எண்ணுவார். பதினெட்டு படி. இவன் பதினெட்டு வரை தமிழில் எண்ணுவான், பத்தொன்பது தெரியாது.

வீட்டு வேலைக்கு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு, அவர்கள் வீட்டில் பல வருடம் வேலை செய்பவர் மூலமாக வருகிறவரைத்தான் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த அக்கா காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை. முதல் இரண்டு வாரம் நானும் வீட்டிலேயே இருந்து, பிள்ளை அவரிடம் ஒட்டிக்கொண்ட பிறகே வேலையில் உட்கார்ந்தேன். சம்பளம், வாரத்தில் ஒரு நாள் லீவு, தீபாவளிக்கு ஒரு மாத போனஸ், எல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள். கொஞ்ச காலத்துக்கு வருகிறவர்கள் நிறையக் கொடுத்துப் பழக்கிவிடுகிறார்கள் என்று பக்கத்து வீடுகளில் சொல்வார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாம் கிளம்பியதும் அவர் வேறு வீடு தேட வேண்டும், அதற்கு ஈடாகவாவது கூடக் கொடுக்கலாம். இரண்டு மாதம் முன்பே தேதியைச் சொல்லிவிட வேண்டும்.

என்னென்ன தடுப்பூசி?

குறைந்தது ஆறு வாரம் முன்பு மருத்துவரைப் பாருங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ இரண்டும் எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டோம். காசநோய்க்கான பி.சி.ஜி. இந்தியாவில் பிறந்ததும் போடுவது, இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதில்லை, அதனால் கேளுங்கள். சின்னம்மை ஊசி எங்கள் பிள்ளைகளுக்குப் போடாமல் இருந்தது, சென்னை போய்ப் போட்டோம். ரேபீஸ் முன்தடுப்பைப் பற்றியும் கேளுங்கள், காரணம் கீழே. ஊசி அட்டையின் நகல் இரண்டு கையில் இருக்கட்டும், பள்ளியிலும் கேட்பார்கள்.

காய்ச்சல் வந்தால்?

வரும். முதல் மூன்று மாதத்தில் மாற்றி மாற்றிச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புதுக் கிருமிகளோடு பழக்கம் ஏற்படுகிற காலம் அது. அதனால் வீடு மாறியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பிள்ளைகள் நன்றாக இருக்கும்போதே பக்கத்தில் உள்ள குழந்தை மருத்துவரைப் போய்ப் பார்த்து எடை, உயரம் எழுதி வைத்துக்கொண்டு வருவது. இரவு பதினொரு மணிக்கு முதல் முறையாக ஒரு மருத்துவரைத் தேடுகிற நிலை வேண்டாம்.

ஒரு விஷயம் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பாராசிட்டமால் சிரப் இங்கே நாம் வாங்குவது 5 மில்லியில் 120 மில்லிகிராம். இந்தியாவில் 5 மில்லியில் 120 அல்லது 125 உள்ள பாட்டிலும் இருக்கிறது, 250 உள்ள பாட்டிலும் இருக்கிறது, கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 இருக்கும். பெயர் ஒன்றுதான், பெட்டியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். செப்டம்பரில் ஒரு ராத்திரி கணவர் கடைக்கு ஓடி வாங்கி வந்ததை, பழகிய கணக்கில் ஐந்து மில்லி ஊற்றிச் சின்னவன் வாய் வரை கொண்டுபோய்விட்டேன். விளக்கு வெளிச்சத்தில் 250 என்ற எண் கண்ணில் பட்டது. கை நடுங்கியது. மில்லி கணக்கை மறந்துவிடுங்கள், மருத்துவர் பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லிகிராம் சொன்னாரோ அதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் எண்ணைப் படித்த பிறகே அளந்து ஊற்றுங்கள்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவை நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கொசு பகலில் கடிக்கும், பூந்தொட்டித் தட்டில் நிற்கிற தண்ணீரிலேயே பெருகும். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் தீரும் வரை ஐபுபுரூஃபன் கொடுக்கக் கூடாது, பாராசிட்டமால் மட்டும். காய்ச்சல் விட்ட பிறகு வருகிற ஒன்றிரண்டு நாள்தான் கவலைக்குரியது: விடாத வாந்தி, வயிற்று வலி, சோர்ந்து கிடப்பது, ஈறில் ரத்தம், எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொடி வாங்கும்போது உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று இருக்கிறதா பாருங்கள். இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரைப் போட்டு விற்றதுண்டு. ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று உறையில் போட்டிருப்பதை அப்படியே அளந்து கலக்குங்கள்.

ஆம்புலன்ஸ் 108. எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர், சாப்பாடு?

குடிக்கக் கேன் தண்ணீர் அல்லது வடிகட்டிய தண்ணீர், சின்னவர்களுக்கு அதையும் கொதிக்க வைத்து ஆற்றி. குளிக்கிற தண்ணீரைப் பற்றி யாரும் சொல்வதில்லை: வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து நாக்கில் ஒரு சொட்டு வையுங்கள். கடற்கரைப் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் பிள்ளைக்குத் தோல் வறண்டு அரிக்கும், முடி சிக்காகும். மெட்ரோ வாட்டர் (நகரக் குடிநீர் வாரியத் தண்ணீர்) தொட்டிக்கு வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை, கோடையில் லாரி தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்று கேளுங்கள். 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டுபோனதைப் பார்த்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சாப்பாடு பற்றி ஒன்றும் கவலை வேண்டாம். இட்லி இருக்கிற ஊரில் குழந்தை பட்டினி கிடக்காது.

எந்த மாதத்தில் போனால் நல்லது?

முடிவு உங்கள் கையில் இருந்தால் டிசம்பர் பாதிக்கு மேல், அல்லது ஜனவரி. பொங்கல் சமயத்தில் ஊர் குளிர்ந்து கிடக்கும், பிள்ளைகள் வெளியே ஓடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டிலும் வெள்ளம் எந்தத் தெரு வரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், தெருமுனைக் கடைக்காரரிடம் கேளுங்கள். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை மாதிரி தாழ்வான பகுதிகளில் தரைத்தளம் வேண்டாம். மழை விடுமுறையைக் கலெக்டர் காலையில்தான் அறிவிப்பார் என்றாகும் நாட்களும் உண்டு, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

மே மாதம் கத்திரி வெயில். பள்ளியும் லீவு. நாங்கள் அந்த மாதம் முழுக்கத் திருச்சியில் அம்மா வீட்டில் இருந்தோம், அங்கேயும் வெயில்தான், ஆனால் மாமரமும் சித்தப்பா பிள்ளைகளும் இருந்தார்கள்.

கார் சீட் எடுத்துப் போக வேண்டுமா?

ஆமாம். பதினான்கு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ வேண்டும் என்று 2019 சட்டத் திருத்தத்திலேயே இருக்கிறது, ஆனால் வாடகைக் காரில் இருக்கை கிடைக்காது, பின்சீட் பெல்ட் பல கார்களில் உறைக்கு அடியில் புதைந்திருக்கும். நாங்கள் விமான நிலையத்தில் இறங்கியபோது ஓட்டுநர் அண்ணன் பொறுமையாக உறையைக் கழற்றி பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார், கேட்டால் செய்கிறார்கள். ஸ்கூட்டரில் நான்கு வயது வரையான குழந்தையைக் கூட்டிப் போனால் ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு கட்டும் பட்டையும் 2023 பிப்ரவரி முதல் கட்டாயம். நாங்கள் ஸ்கூட்டர் பக்கமே போகவில்லை. ஆட்டோவில் சின்னவன் எப்போதும் நடுவில்.

தெரு நாய்கள்?

பெரும்பாலும் தம் பாட்டுக்குப் படுத்திருக்கும். ஆனால் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை நாயைக் கண்டால் ஓடிப் போய்த் தடவும், அதை முதல் நாளிலிருந்தே நிறுத்த வேண்டும். கடித்தாலோ கீறினாலோ, சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். முதல் ஊசியோடு நிறுத்தக் கூடாது, சொன்ன தேதியில் எல்லாத் தவணையும் போட வேண்டும். பிள்ளை பயந்து மறைத்துவிடலாம் என்பதால் "நாய் கடித்தால் அம்மா திட்ட மாட்டேன், உடனே சொல்லணும்" என்று அடிக்கடி சொல்லி வையுங்கள்.

தாத்தா பாட்டி வீட்டிலேயே தங்கிவிடலாமே?

அவர்கள் அதே நகரத்தில் இருந்தால் பக்கத்துத் தெருவில் வீடு எடுங்கள் என்பேன். ஒரே வீட்டில் பத்து மாதம் என்றால் அவர்களுக்குத்தான் ஓய்வில்லை, வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். என் மாமியாரும் அம்மாவும் மாற்றி மாற்றி இரண்டு வாரம் வந்து தங்கினார்கள். மாமியார் தூங்க வைக்கும்போது சொன்ன நரிக் கதை ஒன்றை மூத்தவள் அப்படியே மனப்பாடமாகத் தம்பிக்குச் சொல்கிறாள்.

மாலையில், வார இறுதியில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது?

தினமும் கடற்கரை, பைசா செலவில்லை. மழை நாளில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010இல் திறந்தது, குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி, தரையில் உட்கார்ந்து படிக்கலாம். அதே கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம். கிண்டி சிறுவர் பூங்கா. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், விடுமுறை. மால்களுக்கும் போனோம், சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் தவற விடாதீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் முட்டையிட வரும். பெசன்ட் நகரில் மாணவர்கள் குழு ஒன்று 1988 முதல் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளை எடுத்து வேலிக்குள் பாதுகாக்கிறது. மார்ச் கடைசியில் ஒரு மாலை குஞ்சுகளை விடுவதைப் பார்க்கப் போனோம். உள்ளங்கை அளவுகூட இல்லை, ஈர மணலில் கோடு போட்டுக்கொண்டே போகின்றன, ஒரு அலை வந்து பாதியைத் திரும்பக் கரைக்கே தள்ளியது. சின்னவன் "போ, போ" என்று கத்தவில்லை, மூச்சுக் காட்டாமல் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டாவது அலையில் எல்லாம் போய்விட்டன.

முதல் மாதம் "வீட்டுக்குப் போகலாம்" என்று அழுதால்?

அழுவார்கள். எங்கள் பெண் பகலில் நன்றாக இருந்துவிட்டுத் தூங்கும் நேரத்தில் அழுவாள். "இதுவும் நம் வீடுதான்" என்று சமாதானம் சொன்னபோது இன்னும் அதிகம் அழுதாள். அப்புறம் காலண்டரை மாட்டி, திரும்பும் தேதியில் அவளையே வட்டம் போடச் சொன்னோம். எப்போது திரும்புகிறோம் என்று கண்ணால் பார்த்த பிறகு அந்த அழுகை குறைந்தது. பழைய போர்வை, தூங்கும்போது கேட்கிற கதை, குளிக்கிற நேரம், இவை மூன்றையும் மாற்றாதீர்கள். அந்த முதல் ஆறு வாரத்தில் சொந்தக்காரர் வீட்டு விருந்து, கோயில் பயணம் எதுவும் வேண்டாம். "வந்து இத்தனை நாளாச்சு, இன்னும் வரலையா" என்று கோபித்துக்கொள்வார்கள், பொங்கலுக்குப் போய்ச் சரி செய்துகொள்ளலாம்.

என்ன எடுத்துப் போவது, எதை விட்டுவிடுவது?

கார் சீட், பழகிய போர்வை, பத்துக் கதைப் புத்தகம், வழக்கமாகக் கொடுக்கும் மருந்தின் சீட்டு. டயபர், துணி, பால் பவுடர், பொம்மை எல்லாம் அங்கே கிடைக்கிறது. மடக்குத் தள்ளுவண்டி விமான நிலையத்தோடு சரி, நடைபாதையில் ஓடாது. குழந்தையை முதுகில் சுமக்கிற பை இருந்தால் அதை எடுங்கள். மின்சாதனம் எதுவும் வேண்டாம்.

திரும்பும்போது?

பள்ளியில் டி.சி.யும் மதிப்பெண் அட்டையும் ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்குங்கள். மின் மீட்டரைக் கடைசி நாள் படம் எடுங்கள், அட்வான்ஸ் கணக்கு முடிக்கும்போது அது தேவைப்படும். ஏ.சி., வாஷிங் மெஷின் வாடகைக்கு எடுத்திருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும் தேதியை எழுத்தில் வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு வழியனுப்புவதை மறைக்காதீர்கள். எங்கள் பெண் கீழ் வீட்டுத் தோழிக்கு அவள் சைக்கிளைக் கொடுத்தாள், கார் சீட்டை வீட்டு வேலைக்கு வந்த அக்காவின் பேத்திக்குக் கொடுத்தோம், அவர் மருமகன் டாக்ஸி ஓட்டுகிறார். கேன் அண்ணாவிடம் சின்னவன் அவன் வரைந்த நீல வட்டம் ஒன்றைக் கொடுத்தான். சனிக்கிழமை எங்கள் காலை பத்து மணிக்கு, கோடையில் அங்கே இரண்டரை, அக்காவோடு வீடியோவில் பேசுகிறோம். போன வாரம் பதினெட்டுக்கு அப்புறம் என்ன என்று அக்கா கேட்டார், இவன் பத்தொன்பது என்றான்.